இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெயிலரும் மலையகக் கிராமங்களும்

மாத்தளையிலிருந்து பலகடுவ கணவாயைக் கடந்து அலவத்துகொட, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை ஊடாகக் கண்டிக்குச் செல்லும் வீதியில், நகரை அண்மிக்கும் வேளையில் மஹியாவ என்ற இடம் வருகிறது. அங்குள்ள பழைய மயானத்தில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். இலங்கையின் தேயிலை, சிங்கோனா ஆகிய இரு கைத்தொழில்களினதும் முன்னோடி என்று அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அலவத்துகொடயிலிருந்து பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் என்று நாள்தோறும் அவ்வழியால் பயணம் செய்வோரில் பெரும்பாலானோர் அவர் அங்கே உறங்குவதை அறியமாட்டார்கள். அவர் பெயர் ஜேம்ஸ் டெயிலர்.

பாடசாலையில் நாம் அனைவரும் 1867 என்ற ஆண்டை மனனம் செய்திருக்கிறோம். இலங்கையில் வர்த்தக அடிப்படையில் தேயிலை பயிரிடப்பட்ட ஆண்டு என்பது அதற்கான விடை. பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த ஆண்டுக்கு முன்னால் என்ன பயிர் இருந்தது, அதை நம்பி யார் யார் வாழ்ந்தனர், அது அழிந்தபோது யாருக்கு மாற்றுவழி கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற் போனது என்பவற்றைப் பாடநூல்கள் விரிவாகச் சொல்லவில்லை. டெயிலரின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பின்தொடர்ந்தால் அந்த விடைகளும் கூடவே கிடைக்கின்றன.

டெயிலர் 1835ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயர் பகுதியில், ஒக்கன்பிளே என்ற சிற்றூரின் அருகே பிறந்தார். தந்தை வண்டிச்சக்கரம் செய்யும் தச்சர். சிறு வயதிலேயே தாயை இழந்த அவர், படிப்பில் கெட்டிக்காரராக விளங்கி, ஊர்ப் பாடசாலையிலேயே இளைய மாணவருக்குக் கற்பிக்கும் நிலையை அடைந்திருந்தார். எனினும் சொந்த நிலம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அந்நாளைய ஸ்கொட்லாந்துக் கிராமத்தில் பெரிய எதிர்காலம் எதுவும் இருக்கவில்லை. அவருடைய உறவினர் ஒருவர் ஏற்கெனவே இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்த வழியால் டெயிலருக்கும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சின்னத்துரை வேலை கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 100 பவுண். 1851ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலண்டனில் கப்பலேறி 1852 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கியபோது அவருக்கு 17 வயது நிறையவில்லை. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த ஓர் ஏழைப் பையன் என்ற வகையில், தொண்டியிலும் இராமேஸ்வரத்திலும் தோணியேறி அதே காலத்தில் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் அவருக்கும் இடையில் ஓர் ஒற்றுமை உண்டு. கரையிறங்கிய பின்னர் அந்த ஒற்றுமை அதிக தூரம் நீடிக்கவில்லை என்பது வேறு கதை.

அவர் வந்து சேர்ந்த மலைநாடு எத்தகையது என்பதைச் சொல்லாமல் அவரது கதையைத் தொடர இயலாது. மேற்கிந்தியத் தீவுகளில் 1830களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அங்கிருந்த கோப்பித் தோட்டங்கள் ஆட்டங்கண்டன. பிரித்தானியச் சந்தைக்குக் கோப்பி வேறிடத்திலிருந்து வரவேண்டியதாயிற்று. ஜமேய்க்காவில் கோப்பிச் செய்கையைக் கற்றுக்கொண்ட ரொபர்ட் பொய்ட் டைட்லர் என்பவர் 1837இல் இலங்கைக்கு வந்து, தும்பறைப் பகுதியில் அந்த முறைகளை அறிமுகப்படுத்தினார். கரிபியன் கடலில் ஒரு தீவு இழந்த பிழைப்பு இந்து சமுத்திரத்தில் இன்னொரு தீவின் காடுகளுக்கு விலை வைத்தது என்று சொல்லலாம். ஆளுநர் முதல் படைத் தளபதி வரை காணி வாங்கினர்.

காணி எங்கிருந்து வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டி உரிமையை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை என்று கொள்ள வழிசெய்தது. கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே வயலுக்கு உறுதி இருந்தாலும் இருக்கும். சேனைக்கும், விறகு பொறுக்கும் காட்டுக்கும், மாடு மேயும் புற்றரைக்கும் எவரும் உறுதி எழுதி வைத்ததில்லை. அந்த நிலங்கள் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கும் பின்னர் ஒரு பவுணுக்கும் விற்கப்பட்டன. நெல்வயலும் வீட்டுத்தோட்டமும் சேனையும் சேர்ந்ததே கண்டிக் கிராமத்தின் வாழ்வாதாரம். அவற்றில் ஒன்று பறிபோனால் மற்ற இரண்டும் தள்ளாடும். 1848இல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் பின்னால் இந்த ஏக்கமும் இருந்தது. டெயிலர் வந்திறங்கியது அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டு நான்கே ஆண்டுகள் கடந்த நிலையில்.

சில வாரங்கள் வேறொரு தோட்டத்தில் பணிபுரிந்த அவர், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், உயிர் பிரியும்வரை, அதுவே அவருடைய இடம். மரக்கட்டைகளால் அமைத்த ஒரு குடிலில் தங்கிக்கொண்டு காடு வெட்டுவது, எரிப்பது, குழி தோண்டுவது, கன்று நடுவது, பாதை அமைப்பது என்று பொழுது கழிந்தது. அருகில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வாழ்க்கை. கொழும்பு விருந்துகளிலும் கண்டிக் கழகங்களிலும் மற்றைய துரைமார் காட்டிய ஆர்வம் அவரிடம் இருக்கவில்லை. தாடி வளர்த்த, மிகப் பருத்த தேகம் கொண்ட மனிதர். வேலையே அவருக்குப் பொழுதுபோக்கு என்று அவரை அறிந்தோர் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த நாற்பது ஆண்டுகளில் அவர் தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பிச் செல்லவில்லை. விடுமுறை என்று அவர் எடுத்துக்கொண்டதாகத் தெரிவது 1874ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றுதான். அப்போதும் அவர் சென்றது டார்ஜிலிங்குக்கு. தேயிலை எவ்வாறு செய்யப்படுகிறது என்று பார்த்துவர.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் நிலைமை பற்றி இங்கே கூறவேண்டும். கோப்பிப் பழம் ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே பறிக்கப்படுவது. ஆகவே அக்காலத் தொழிலாளி பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் ஒருவராகவே பெரும்பாலும் இருந்தார். தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறி, காட்டு வழியே தம்புள்ளைக்கு வந்து, அங்கிருந்து மாத்தளையை அடைவது அவர்களது நடை. குடிநீர் இல்லாத நீண்ட பாதை. வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களின் தொகை எவ்வளவு என்பது குறித்து ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. விழுந்தவர்கள் பலர் என்பதில் வேறுபாடு இல்லை. மாத்தளையை உயிரோடு வந்தடைந்தவர்கள் இளைப்பாறி வழிபட்ட இடமே இன்றைய முத்துமாரியம்மன் ஆலயம் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அங்கிருந்து கண்டிக்கும் அதற்கப்பாலுள்ள ஹேவாஹெட்டைக்கும் பிரிந்தவர்களுக்கு, பலகடுவவில் இறங்கி அலவத்துகொட, அக்குறணைப் பக்கமாகச் செல்லும் இந்த வீதியே நேர்வழி. கங்காணிக்குப் பட்ட முற்கடனும், அக்கடனை எழுதிய துண்டும் அவர்களுக்கு முன்பாகவே தோட்டத்தைச் சென்றடைந்திருக்கும். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு விலகுவதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குற்றமாக்கியது.

கோப்பி என்றால் துரைமாரின் தோட்டம் மட்டும்தான் என்று எண்ணுவது தவறு. வரலாற்றைப் படிக்கும்போது நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒரு செய்தி இது. கண்டிக் கிராமங்களில் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், பலாவுக்கும் கமுகுக்கும் மிளகுக் கொடிக்கும் இடையில், கோப்பி பரவலாக வளர்ந்தது. 1850களில் இலங்கை ஏற்றுமதி செய்த கோப்பியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவ்வாறு கிராமத்து முற்றங்களிலிருந்து சென்றதே. சிங்களக் குடியானவரும் முஸ்லிம் கிராமத்தவரும் அதைப் பயிரிட்டனர். பழத்தைப் பறித்து, முற்றத்தில் பாய் விரித்து உலர்த்தி, உரலில் குற்றிக் கொடுத்தால் போதும். காசு வீட்டு வாசலுக்கே வந்தது. அந்தக் காசைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம் வியாபாரிகள். கண்டி மன்னர் காலத்திலேயே மடிகே என்ற மாட்டுப் பொதிப் போக்குவரத்துத் துறையில் முஸ்லிம்கள் இடம்பெற்றிருந்தனர். தவளம் என்ற பொதிமாட்டு வரிசையில் உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைக்கு ஏற்றி, பாக்கையும் மிளகையும் கோப்பியையும் கீழே இறக்கிய அந்த வாணிபத்தின் தொடர்ச்சியே கோப்பிக் காலத்துக் கடைகளும் கொள்வனவும். அலவத்துகொட, அக்குறணை வட்டாரத்தில் வீட்டுத்தோட்டமும் வியாபாரமும் பிரிக்க முடியாதபடி இணைந்த ஒரு வாழ்க்கை முறையை இன்றைக்கும் நாம் காண்கிறோம் என்றால் அதன் வேர் மிகப் பழையது.

டெயிலர் அக்காலத்து ஏனைய துரைமாரிடமிருந்து வேறுபட்டது ஒரு விடயத்தில்தான். கோப்பி பொன்னாய்க் கொழித்த நாட்களிலேயே அவர் மாற்றுப் பயிர்களைத் தேடினார். 1860களின் ஆரம்பத்தில் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குத் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிங்கோனாக் கன்றுகள் வந்தன. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்தே எடுக்கப்படுகிறது. பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவைற்ஸ் தோட்டங்களுக்குக் கன்று கொடுக்க முன்வந்தபோது பெரும்பாலான துரைமார் முகங்கொடுக்கவில்லை. ஏற்று நட்டவர்களில் டெயிலர் முக்கியமானவர். அதே பூங்காவிலிருந்து பெற்ற தேயிலை விதைகளையும் அவர் தோட்டத்துப் பாதையோரங்களில் நட்டுப் பார்த்தார். தேயிலைச் செடி இலங்கைக்குப் புதியது அன்று. 1824இலேயே சீனத்துச் செடி பேராதனைக்கு வந்துவிட்டது. 1840களில் புசல்லாவைப் பகுதியில் வர்ம்ஸ் சகோதரர்கள் சிறிதளவில் நட்டுப் பார்த்தார்கள். ஆனால் அதைப் பயிராகவும் தொழிலாகவும் நிலைநிறுத்த எவராலும் முடியவில்லை.

அசாம் விதைகள் 1866இல் லூல்கந்துரவை வந்தடைந்தன. அடுத்த ஆண்டு 7ஆம் இலக்க மலையில் 19 ஏக்கர் காடு வெட்டப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் அதே 1867இல்தான். பல தலைமுறைகளாக மாட்டு வண்டியோட்டி வாழ்ந்தவர்களின் நீண்டதூரச் சவாரி அவ்வாண்டு முதல் குறையத் தொடங்கியது.

செடி வளர்ந்துவிட்டால் தேயிலை வந்துவிடாது. கொழுந்தை எப்படிப் பறிப்பது, எவ்வளவு நேரம் வாட்டுவது, எப்படி உருட்டுவது, எந்தக் கணத்தில் சூட்டில் வைப்பது என்று சொல்லித்தர இலங்கையில் ஆளில்லை. இந்தியாவின் கச்சார் பகுதியில் தேயிலை செய்து பழகிய ஒருவர் லூல்கந்துர பக்கமாக வந்தபோது அவரிடம் அரிச்சுவடி கற்றுக்கொண்டார் டெயிலர். பங்களாவின் விறாந்தைதான் முதற் தொழிற்சாலை. மேசையில் கொழுந்தைப் பரப்பி, கையால் உருட்டி, களிமண் அடுப்பில் மரக்கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார்கள். உருட்டிய கைகள் தோட்டத் தொழிலாளரின் கைகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1872இல் முறையான தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அவர் அமைத்தார். கொழுந்து உருட்டும் பொறியொன்றையும் தாமே வடிவமைத்தார். தச்சரின் மகன் அல்லவா! அவ்வாண்டளவில் லூல்கந்துர தேயிலை கண்டியில் விற்பனைக்கு வந்தது. 1873இல் 23 றாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. ஒரு மனிதன் தலையில் சுமந்து சென்றுவிடக்கூடிய பாரம் அது.

இதற்குள் கோப்பியின் ஆயுள் எண்ணப்படத் தொடங்கியிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தது போன்ற ஒரு நோய் காணப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணமே காரணம் என்று கண்டறிந்தார்கள். துரைமார் அந்தப் பெயரைத் திரித்து, எமிலி என்ற ஒரு பெண்ணின் பெயரில் அதைக் கேலி செய்தனர். கோப்பி விலை உயர்ந்துகொண்டிருந்த காலமாகையால் கேலி செய்ய முடிந்தது. விளைச்சல் குறையக் குறைய, அதை ஈடுசெய்ய மேலும் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1870களின் இறுதியில் சுமார் 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. நோயை ஆராய 1880இல் அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, பூஞ்சண வித்துகள் காற்றிலே பரவுகின்றன என்றும், இடைவெளியின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டிருப்பதே அதற்கு வாய்ப்பாக அமைந்தது என்றும் காட்டினார். காலம் கடந்துவிட்டிருந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி விழுந்தது. கடன்பட்ட துரைமார் பலர் நாட்டை விட்டே அகன்றனர். கூலி பாக்கி கிடைக்காத தொழிலாளர் வந்த வழியே திரும்பி நடந்தனர். அல்லது திரும்பவும் முடியாமல் நின்றனர். பிரேசில் கோப்பி இலங்கையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த வீழ்ச்சியைப் பற்றிய பெரும்பாலான நூல்கள் துரைமாரின் துயரத்தோடு நின்றுவிடுகின்றன. முற்றத்துக் கோப்பியும் அதே நோயால்தான் பட்டுப்போனது. கிராமத்தவருக்கு அதுவே கைக்காசு தந்த ஒரே பயிர். அரசாங்கமோ நெல்வயலுக்கான தானிய வரியைப் பணமாகக் கேட்டது. கோப்பி இல்லாத வீட்டில் பணம் ஏது? வலப்பனைப் பகுதியில் வரி செலுத்த முடியாதவர்களின் வயல்கள் ஆயிரக்கணக்கில் ஏலத்தில் விற்கப்பட்டன. பட்டினியாலும் நோயாலும் அங்கு மக்கள் மடிந்ததை உதவி அரசாங்க அதிபராக இருந்த லீ மெசூரியர் வெளிப்படுத்தியபோது அது இலண்டன் வரை விவாதத்துக்குரியதாயிற்று. ஆளுநர் ஹெவ்லொக் காலத்தில், 1892இல், அந்த வரி நீக்கப்பட்டது. கண்டி நகரில் சித்திலெப்பை முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். அதாவது இந்த நெருக்கடியின் நடுவில். கல்வியின்றி வணிகத்தை மட்டும் நம்பியிருந்த சமூகத்துக்கு அவர் பாடசாலைகளை வற்புறுத்திய காலம், வணிகத்தின் அடித்தளமான பயிரே ஆட்டங்கண்டிருந்த காலம் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவரது அவசரம் நமக்கு விளங்குகிறது.

டெயிலரின் தோட்டத்தில் மட்டும் கதை வேறாக இருந்தது. கோப்பி விழுந்தபோது அங்கே சிங்கோனா வளர்ந்து நின்றது. 1880களின் நடுப்பகுதியில் எல்லோரும் சிங்கோனாவுக்கு ஓடி, பட்டை குவிந்து, விலை சரிந்தபோது அங்கே தேயிலை முதிர்ந்து நின்றது. எதையேனும் நட்டாக வேண்டிய நிலையில் துரைமார் லூல்கந்துரவுக்கு வந்து விதையும் செய்முறையும் கேட்டுச் சென்றனர். தாம் கற்றதை மறைத்து வைக்கும் பழக்கம் டெயிலரிடம் இருக்கவில்லை. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரே இருந்த தேயிலை 1895இல் 3,05,000 ஏக்கராகப் பெருகியது. 23 றாத்தலில் தொடங்கிய உற்பத்தி 1890இல் சுமார் 22,900 தொன்னை எட்டியது.

தேயிலை கோப்பியைப் போன்றதல்ல. அதன் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கிறது. வாரத்துக்கு ஒருமுறையேனும் அதே செடியிடம் திரும்பி வரவேண்டும். பருவத்துக்கு வந்து போகும் ஆண்களைக் கொண்டு அதை நடத்த இயலாது. பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பங்கள் மலையிலேயே தங்கவேண்டியிருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அந்தக் குடும்பங்களை ஊரிலிருந்து பெயர்த்தது. தேயிலை அவர்களை லயத்தில் இருத்தியது. மலையகத் தமிழர் என்று இன்று நாம் சொல்லும் ஒரு மக்கட் கூட்டம் இந்நாட்டில் நிலையாக வேரூன்றியதற்கு எந்தச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் விட அந்த இலையின் இயல்பே முதற் காரணம் என்பது என் கருத்து. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை வந்து போகிறவர்கள் என்று கருதியது. அவர்கள் வந்து போகிறவர்களாக இருந்த காலம் கோப்பியோடு முடிந்துவிட்டிருந்தது.

கிராமத்துக்கும் தேயிலை வேறு விதமாகவே அமைந்தது. பறித்த கொழுந்து சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலையை அடையவேண்டும். பொறி வேண்டும், விறகு வேண்டும், வீதி வேண்டும், முதல் வேண்டும். முற்றத்தில் பாய் விரித்து உலர்த்தி விற்கக்கூடிய பயிராக அது இருக்கவில்லை. ஆதலால் கோப்பி விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் தோட்டங்களில் தேயிலை நிரப்பியது போல வீட்டுத்தோட்டங்களில் நிரப்பவில்லை. பலகடுவவுக்கு இப்பாலுள்ள எமது கிராமங்கள் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்று வேறு பயிர்களிலும் கடைவீதியிலுமே பிழைப்பைத் தேடின. சிறு காணிக்காரர் தேயிலையில் தலையெடுக்கப் பல பத்தாண்டுகள் கழிந்தன. அவர்களுக்கென்று தனியான சட்டம் ஒன்று 1975இல்தான் வந்தது. இன்றோ நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பங்கு சிறு தோட்ட உரிமையாளர்களின் கொழுந்திலிருந்தே கிடைக்கிறது. அவர்களுள் பெரும்பாலானோர் தென்பகுதித் தாழ்நிலத்தவர்கள். கொழுந்தை விலைக்கு வாங்கும் தொழிற்சாலையும் அதற்குச் செல்லும் வீதியும் அருகில் இருந்தால் சிறு காணியிலும் தேயிலை இலாபம் தரும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். டெயிலரின் காலத்துக் கண்டிக் கிராமத்தில் அந்த இரண்டும் இருக்கவில்லை.

தேயிலை வென்றதும் பெரிய முதலீடு மலையேறியது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தோட்டத்துத் தேயிலையை நேரே தேநீர்க் கோப்பைக்குக் கொண்டுபோவதாக விளம்பரம் செய்து உலகப் புகழ் பெற்றார். இலங்கைத் தேயிலை என்றதும் வெளிநாட்டார் நினைவுகூர்வது இன்றுவரை லிப்டனின் பெயரைத்தான். டெயிலருக்குத் துரைமார் சங்கம் வெள்ளியிலான தேநீர்ப் பாத்திரத் தொகுதி ஒன்றை நன்றிக்கடனாக வழங்கியது. லூல்கந்துர ஒருபோதும் அவரது சொத்தாக இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவரே. தோட்டம் கைமாறிக் கம்பனியொன்றின் வசமாகியிருந்தது. கணக்குப் பார்ப்பவர்களுக்குச் செலவைக் குறைக்கும் துரையே தேவைப்பட்டார். புதிது புதிதாய்ச் சோதனை செய்து பார்க்கும் பழங்காலத்து மனிதர் சுமையாகத் தோன்றினார். 1892இல் அவரை விடுப்பில் செல்லுமாறு பணித்தார்கள். அவர் மறுத்தார். விலகுமாறு கேட்டார்கள். அதற்கும் அவர் இணங்கவில்லை; லூல்கந்துரவை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஏதும் இல்லை. அந்த இழுபறியின் நடுவில் வயிற்றோட்டம் கண்டு, 1892 மே 2ஆம் திகதி, 57ஆவது வயதில், தோட்டத்துப் பங்களாவிலேயே காலமானார்.

அவரது உடலை மஹியாவ மயானத்துக்குக் கொண்டுவர மலைப்பாதையில் இருபது மைல் அளவு தூரம் கடக்க வேண்டியிருந்தது. பருத்த தேகம், பாரமான பெட்டி. இருபத்துநான்கு தொழிலாளர் இரு பிரிவாக, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, நான்கு மைலுக்கு ஒருமுறை தோள்மாற்றிச் சுமந்து வந்தனர். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னால் நடந்து வந்தனர். அவர்கள் அவரைச் சாமித்துரை என்று அழைத்ததாகத் துரைமாரின் நூல்கள் கூறுகின்றன. அன்பு உண்மையாகவே இருந்திருக்கலாம். தமிழ் நன்றாகப் பேசப் பழகிய, தொழிலாளரோடு வேலைத்தலத்திலேயே வாழ்ந்த மனிதர்தான் அவர். ஆயினும் அந்தத் தொழிலாளர் தம் கையால் எழுதி வைத்த வரி ஒன்றேனும் நம்மிடம் இல்லாதபடியால் அந்தப் பெயரை ஒரு பக்கத்துச் சாட்சியமாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட அதன்பின் 29 ஆண்டுகள் சென்றன.

தொழிலாளர் மாத்தளைக்கு நடந்து வந்த அந்தப் பழைய பாதையில், மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி அது மாத்தளையை அடைந்தது. காணி, வீடு, சம உரிமை என்பனவே நடந்தவர்களின் கோரிக்கைகள்.

லூல்கந்துரவில் டெயிலர் முதலில் தங்கிய குடிலின் புகைபோக்கியும், மாலைவேளைகளில் அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் கல்லிருக்கையும் இன்றும் எஞ்சியுள்ளன. 7ஆம் இலக்க மலையும் அங்கேதான் இருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் அமைந்துள்ள தேயிலை நூதனசாலையில் அவர் தொடர்பான பொருட்களைப் பார்வையிடலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் திரும்பும் வழியில் மஹியாவவில் இறங்கிக் கல்லறையையும் காட்டலாம். அலவத்துகொட பஸ் அந்த வழியாகத்தான் வருகிறது.